செய்தி நீங்கிய நெய்தல்: போலினீசிய மதுக்கூடமும் நம் தோட்டப்புறச் சித்திரிப்பும்

முன்னுரை

இலக்கியத் துறை சார்ந்த ஓர் ஆய்விதழில் மதுக்கூடத்தைப் பற்றிய திறனாய்வு இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், ஒரு நிலத்தையும் அந்நில மக்களையும் மரம், கூரை, சிலை, இசை, உணவு ஆகியவற்றால் சித்திரித்துக் காட்டும் இடம் எதுவாயினும் அதனை ஒரு பனுவலாகக் கொண்டு வாசிக்க இயலும். அவ்வாறு வாசிப்பதற்குத் தமிழில் நமக்குத் தொன்மையான கருவி ஒன்று உண்டு. அதுவே திணைக் கோட்பாடு.

‘திக்கி’ மதுக்கூடம் என்று அறியப்படும் போலினீசியப் பாணி உணவு விடுதி அமெரிக்காவில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் பரவியது. பசிபிக் தீவுகளின் கடற்கரை வாழ்வைக் காட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் அவ்விடுதியை முதல், கரு, உரி என்னும் முப்பொருளின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும். அவ்வாராய்ச்சியினின்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நாம் நம் தோட்டப்புற வாழ்வைச் சித்திரிக்கும் முறை குறித்துப் பெறத்தக்க பாடம் யாது எனக் காண்பது அடுத்த நோக்கமாகும். ஈயலம்பத்தின் பள்ளம் செயற்கைக் கடற்கரையாக மாறிய சுங்கை வே வட்டாரம் இவ்விரு நோக்கங்களையும் இணைத்துப் பார்க்க ஏற்ற களமாக அமைகின்றது.

விடுதியின் தோற்றமும் அமைப்பும்

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933ஆம் ஆண்டின் இறுதியில் நீங்கியது. அதனையொட்டி ஹாலிவுட்டில் எர்னஸ்ட் கான்ட் என்பவர் சிறிய மதுக்கூடம் ஒன்றைத் திறந்தார். ‘டான் த பீச்கோம்பர்’ என்னும் பெயரால் அது புகழ்பெற்றது. அவரும் பின்னர்த் தம் பெயரை டான் பீச் என மாற்றிக்கொண்டார். ஓக்லாந்தில் 1934இல் விக்டர் பெர்ஜரான் தொடங்கிய உணவகம் சில ஆண்டுகளில் ‘டிரேடர் விக்ஸ்’ எனப் பெயர் மாறி, பல நாடுகளில் கிளைகளைக் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பணியாற்றிய படைவீரர்கள் 1945க்குப் பின் நாடு திரும்பியதும், ஹவாய் 1959இல் அமெரிக்க மாநிலமானதும் இப்பாணிக்குப் பெரும் ஆதரவைத் தேடித் தந்தன. 1970களில் மங்கிய இம்மோகம் 1990களுக்குப் பின் மீண்டும் தலைதூக்கியது.

இவ்விடுதிகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே இலக்கணத்தைப் பின்பற்றுவது. சாளரங்கள் இரா, இருப்பினும் மூடப்பட்டிருக்கும். வெளியே நண்பகலாயினும் உள்ளே எப்பொழுதும் அந்தி. மூங்கில் தூண், ஓலைக் கூரை, உப்பிய பேத்தை மீனின் உலர்ந்த தோலுக்குள் விளக்கு, மீன்வலைகளின் கண்ணாடி மிதவை, மரத்தில் செதுக்கிய தெய்வ முகம், எங்கோ விழும் அருவியின் ஓசை என வருகையாளர் வரிசையாக எதிர்கொள்வர். சான் பிரான்சிஸ்கோ நகரின் ஃபேர்மான்ட் விடுதியில் 1945இல் உருவான ‘டோங்கா ரூம்’ இவ்விலக்கணத்தின் உச்சம். அவ்விடுதியின் பழைய நீச்சற்குளமே அங்குக் காயலாக மாற்றப்பட்டது. இசைக்குழு படகில் மிதந்தவாறு வாசிக்கும். இடைக்கிடையே இடி முழங்கும். குளத்தின்மீது செயற்கை மழை பெய்யும். மேசையில் அமர்ந்திருப்போர் நனைவதில்லை.

நனையாமல் மழையைக் காண்பது என்னும் இந்த ஏற்பாடே விடுதியின் உட்பொருளையும் உணர்த்திவிடுகின்றது எனலாம்.

கருப்பொருளின் பெருக்கம்

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருள்களை எட்டாகத் தொகுத்துரைக்கின்றது. அவை தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, செய்தி, யாழ் என்பன. அவ்வகைப்பட்ட பிறவும் கருப்பொருளே என்று நூற்பா இடமளிக்கின்றது. இப்பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு திக்கி விடுதியினுள் நுழைவோமாயின் வியப்புக்குரிய முடிவு ஒன்று கிட்டும். தெய்வம் உண்டு; மரச்சிலையாக வாயிலிலேயே நிற்கின்றது. உணவு உண்டு. ஆமையும் சுறாவும் செதுக்குச் சிற்பங்களாகச் சுவரில் உள்ளன. தென்னையும் மூங்கிலும் உண்டு. கிளி முதலிய பறவைகள் அலங்காரத்தில் இடம்பெறுகின்றன. பறை உண்டு. யாழின் இடத்தில் ஹவாய் நாட்டு உக்குலேலே ஒலிக்கின்றது. எட்டில் ஏழு நிறைவாகவே அமைந்துவிடுகின்றன.

இல்லாதது ஒன்றே. அது செய்தி.

இன்று நாம் நாளிதழில் படிப்பதைச் செய்தி என்கிறோம். தொல்காப்பிய நூற்பாவில் அச்சொல் தொழிலைக் குறிப்பதாக உரையாசிரியர்கள் பொருள் கொண்டனர். நெய்தலுக்கு மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் மீன் உணக்கலும், குறிஞ்சிக்குத் தினைப்புனங் காத்தலும் தேன் அழித்தலும் செய்தியாகும். திக்கி விடுதியில் வலை தொங்குகின்றது. வலையை வீசுவோர் இல்லை. படகு இருக்கின்றது; அதனைச் செலுத்துவோர் இல்லை. தேங்காய்ச் சிரட்டை கிண்ணமாகின்றது. மரம் ஏறியவர் யார் என்னும் வினாவுக்கு இடமில்லை. கருப்பொருள் அனைத்தையும் திரட்டி வைத்துக்கொண்டு தொழிலை மட்டும் வெளியே நிறுத்தும் சித்திரிப்பு இது. வருகையாளர் தம் தொழிலினின்று சிறிது நேரம் விடுபடவே அங்குச் செல்கின்றனர். எனவே, காட்டப்படும் நிலத்திலும் தொழில் இருத்தல் ஆகாது என்பது வணிகத்தின் விதியாகிவிடுகின்றது.

தெய்வம் கலமாதல்

திக்கி என்பது மாவோரி, மார்க்கேசாஸ் மரபுகளில் முதல் மனிதனோடும் மனித வடிவச் செதுக்குச் சிலையோடும் தொடர்புடைய சொல். ஹவாயில் கூ, லோனோ, காநே, கனலோவா ஆகியோர் பெருந்தெய்வங்களாக வணங்கப்பட்டனர். அங்கு 1819இல் அரசர் லிஹோலிஹோவின் காலத்தில் பழைய சமய விலக்குகள் நீக்கப்பட்டன. தெய்வப் படிமங்கள் பல எரிக்கப்பட்டன. மறு ஆண்டில் கிறித்துவச் சமயப் பரப்புநர் வந்து சேர்ந்தனர். வழிபாட்டினின்று அகற்றப்பட்ட அத்தெய்வ வடிவங்களே அடுத்த நூற்றாண்டில் களிமண் குவளைகளாக வார்க்கப்பட்டு, தலை வழியே மது ஊற்றப்பட்டு, உறிஞ்சு குழல் செருகப்பட்டு மேசைக்கு வந்தன.

மது என்பதனால் மட்டுமே இதனை இழிவெனக் கூறிவிட நம்மால் இயலாது. மலேசியத் தோட்டப்புறங்களில் முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் கள்ளும் சுருட்டும் படைக்கும் வழக்கத்தை நாம் அறிவோம். ஆண்டெல்லாம் உழைத்தவர் தம் காவல் தெய்வத்தின்முன் வைக்கும் காணிக்கை அது. அங்கு மது தெய்வத்துக்கு உரியதாகின்றது. திக்கி விடுதியில் தெய்வமே மதுவுக்குரிய கலமாகின்றது. படைப்போரும் வேண்டுதலும் நீங்கியபின் எஞ்சும் வடிவத்தை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்னும் நிலையே இதன் அடிப்படை.

கிண்ணத்துள் இருக்கும் கைகள்

போலினீசியருக்கு ஐரோப்பியர் வருகைக்கு முன் வடித்தெடுத்த மது இருந்ததில்லை. டோங்கா, சாமோவா முதலிய தீவுகளில் சடங்குச் சிறப்புடைய பானம் காவா என்னும் செடியின் வேரினின்று பெறப்படுவது. அது ரம் போன்ற மதுவன்று. திக்கி விடுதியின் அடிப்படைப் பானமாகிய ரம், கரிபியன் பகுதிக் கரும்பினின்று வந்தது. இங்கேதான் இவ்வாராய்ச்சி தமிழருக்கு நேரடியாக உரியதாகின்றது.

டான் பீச் 1934ஆம் ஆண்டளவில் உருவாக்கிய ‘சோம்பி’ என்னும் புகழ்பெற்ற கலவையில் சேர்ந்தவற்றுள் ஒன்று டெமராரா ரம். டெமராரா என்பது அன்றைய பிரிட்டிஷ் கயானாவின் கரும்பு வட்டாரம். அடிமைமுறை ஒழிந்தபின் 1838 முதல் 1917 வரை அங்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். பெரும்பான்மையோர் வட இந்தியரெனினும், சென்னைத் துறைமுகத்தின் வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கரும் அவர்களுள் இருந்தனர். ‘மதராசிகள்’ எனப்பட்ட அவர்களின் வழித்தோன்றல்கள் மாரியம்மன் வழிபாட்டை இன்றும் போற்றி வருகின்றனர். ஆகவே, தென்கடல் தீவின் சுவை என்று விற்கப்பட்ட அக்கலவையின் பின்னணியில் நம்மவர் உழைத்த கரும்புக்காடும் உண்டு. மேசையில் அமர்ந்தவர் கண்ணுக்கு மூங்கிலும் முகமூடியும் மட்டுமே தென்பட்டன.

விடுதிக்குள் நிகழும் தொழிலுக்கும் இதே நிலைதான். டான் பீச்சின் மதுக்கூடத்தில் பானங்களைக் கலந்தோருள் பெரும்பாலோர் பிலிப்பினோத் தொழிலாளர். கலவையின் இரகசியம் வெளியேறாதிருக்கப் புட்டிகளில் பொருளின் பெயருக்குப் பதிலாகக் குறியீடுகள் இடப்பட்டிருந்தன. புகழ் உரிமையாளரின் பெயரைச் சேர்ந்தது. அவர்களுள் ஒருவராகிய ரே புஹென் 1961இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ‘திக்கி-டி’ என்னும் சிறு மதுக்கூடத்தைத் தாமே திறந்ததால் அவர் பெயர் நிலைத்தது. ஏனையோருள் பலர் பெயரின்றி மறைந்தனர்.

இரங்கல் நீங்கிய நெய்தல்

கருப்பொருளினின்று உரிப்பொருளுக்குச் செல்வோம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கலும் இரங்கல் நிமித்தமும் ஆகும். கடல் பிரிப்பது, கரையில் நிற்போரை ஏங்க வைப்பது. எனவே, தமிழ் மரபில் கடற்கரை வெறும் இன்பக் களமாக மட்டும் அமைந்ததில்லை. திக்கி விடுதி காட்டும் கடற்கரையிலோ இரங்கலுக்கு இடமில்லை. இளைப்பாறல் ஒன்றே அதன் உரிப்பொருள். பிரெஞ்சுப் போலினீசியாவின் முருரோவா, ஃபங்கடௌஃபா பவளத்தீவுகளில் 1966 முதல் 1996 வரை 193 அணுவெடிப்புச் சோதனைகள் நிகழ்ந்தன. அத்தீவுகளின் பெயரால் பானங்களை அருந்தியோர் அவ்வோசையைக் கேட்டிலர்.

தென்கடல் தீவுகளைப் பற்றித் தமிழில் பலரும் அறிந்த கவிதை யாது என வினவின் விடை ஐயத்துக்கிடமின்றிக் கிடைக்கும். அது பாரதியாரின் ‘கரும்புத் தோட்டத்திலே’. பிஜித் தீவுக்குப் பாரதியார் சென்றதில்லை. ஆயினும், அங்குக் கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற இந்தியப் பெண்களின் நிலையை அவர் பாடினார். பிஜிக்கு இந்திய ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிய முதல் கப்பல் 1879இல் கல்கத்தாவினின்று சென்றது. 1903 முதல் சென்னையினின்றும் தொழிலாளர் சென்றனர். ஆள் அனுப்புதல் 1916இல் நின்றது. எஞ்சிய ஒப்பந்தங்கள் 1920இன் தொடக்கத்தில் நீக்கப்பட்டன. பிஜி, புவியியலார் வகுப்பின்படி மெலனீசியாவைச் சேர்ந்தது. திக்கி விடுதிகளோ பிஜி, சாமோவா, டாகித்தி என்னும் பெயர்களை வேறுபாடின்றி ஒரே கூரையின்கீழ் தொங்கவிடுவன.

பாரதியார் கவிதையில் தீவின் அழகு வருணனை இடம்பெறவில்லை என்பது நம் கவனத்துக்குரியது. மரமும் பறவையும் கடலின் நிறமும் அவருக்கு முதன்மையல்ல. செய்தியும் இரங்கலுமே அவர் எடுத்துக்கொண்டவை. அழுகுரலைக் கேட்டிருக்கக்கூடிய சான்றாகக் காற்றை அவர் அழைக்கிறார். திக்கி விடுதி எதனை வெளியே நிறுத்தியதோ அதனை மட்டுமே கொண்டு தென்கடல் தீவு ஒன்றைப் பாரதியார் பாடியிருக்கிறார். ஒன்று கருப்பொருள் செறிந்தும் மனிதரற்றது. மற்றொன்று கருப்பொருள் சுருங்கியும் மனிதர் நிறைந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நிலச் சித்திரிப்பின் உண்மை அலங்காரத்தின் அளவைப் பொறுத்ததன்று என்பது தெளிவாகின்றது.

கோலாலம்பூரில் பிறந்த பானம்

இப்பாணி மலேசியாவுக்கு வெளியிலிருந்து வந்தது என்று மட்டும் கூறிவிட இயலாது. திக்கி விடுதிகளின் பானப் பட்டியலில் இன்று நிலையான இடம் பெற்றிருக்கும் ‘ஜங்கிள் பேர்ட்’ கோலாலம்பூரில் தோன்றியதாகும். ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் 1973இல் திறக்கப்பட்ட ஹில்டன் தங்கும் விடுதியின் ‘ஏவியரி’ மதுக்கூடத்தில், வருகையாளரை வரவேற்கும் பானமாக ஜெஃப்ரி ஓங் என்பவர் அதனை உருவாக்கினார். ரம், கம்பாரி, அன்னாசிச் சாறு, எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு ஆகியன அதன் சேர்மானங்கள். பறவை வடிவப் பீங்கான் கலத்தில் அது பரிமாறப்பட்டது. அமெரிக்காவில் 1989இல் வெளிவந்த பானக் கையேடு ஒன்றில் அதன் செய்முறை இடம்பெற்றது. 2002இல் திக்கி பானங்களைத் தொகுத்த ஜெஃப் பெர்ரியின் நூலுக்குப் பின் உலகெங்கும் பரவியது. பானத்தின் பெயர் கடல் கடந்து புகழ் பெற்ற பின்னரும், அதனை உருவாக்கியவரின் பெயர் நெடுங்காலம் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. செய்தி மறைதல் என்னும் விதி இங்கும் செயற்பட்டிருத்தலைக் காணலாம்.

மற்றொரு முரணும் உண்டு. போலினீசிய மொழிகளும் மலாய் மொழியும் ஆஸ்திரோனீசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மலாயில் கண் ‘மாத்தா’, மாவோரியிலும் ‘மாத்தா’. மீன் மலாயில் ‘ஈக்கான்’, மாவோரியில் ‘ஈக்கா’. ஐந்து மலாயில் ‘லீமா’, ஹவாய் மொழியிலும் ‘லீமா’. தேசிய மொழியில் ஐந்து வரை எண்ணத் தெரிந்த நம் பள்ளிப் பிள்ளைக்கு ஹவாய் மொழியின் ஓர் எண் முன்னரே தெரியும். அவ்வகையில் இந்நாட்டுக்கு உறவு முறையாக வேண்டிய ஒரு பண்பாடு, கலிஃபோர்னியா வழியாகச் சுற்றிவந்து அயல்நாட்டு விந்தையாகக் காட்சியளிப்பது எண்ணத்தக்கது.

சுங்கை வே: பள்ளமும் காயலும்

சுங்கை வே என்னும் பெயரைக் கேட்டதும் மூத்த தலைமுறையினருக்கு ஈயலம்பமும், அவசரகாலத்தில் மக்களைக் குடியமர்த்திய புதுக்கிராமமும் நினைவுக்கு வரும். பின்வந்தோருக்கு 1970களில் எழுந்த தடையற்ற வாணிப வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளும், 1960களின் நடுப்பகுதியிலிருந்து இயங்கிவரும் பீர் ஆலையும் நினைவுக்கு வரும். இவ்வாலையின் நிறுவனம் 1989இல் கின்னஸ் ஆங்கர் எனவும், 2016இல் ஹைனிகன் மலேசியா எனவும் பெயர் பெற்றது. இன்றைய இளைஞருக்கோ இவ்வட்டாரத்தின் பெயரைச் சுருக்கிப் பிறந்த ‘சன்வே’ என்னும் சொல்லே முதலில் தோன்றும்.

சன்வே நிறுவனம் 1974இல் ஈயச் சுரங்கத் தொழிலில் தொடங்கியது. ஈயம் எடுத்து முடிந்த பள்ளமும் குட்டையுமாகக் கிடந்த நிலம் சீர்செய்யப்பட்டு நகரமாக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அப்பள்ளத்தினுள்ளேயே சன்வே லகூன் என்னும் நீர்விளையாட்டுப் பூங்கா எழுந்தது. 1997இல் எகிப்தியப் பாணியில் பிரமிட் வடிவ வணிக வளாகம் திறக்கப்பட்டு, அதன் வாயிலில் சிங்க முகச் சிலை அமர்த்தப்பட்டது. பூங்காவின் பகுதிகளுக்கு ஆப்பிரிக்காவின் பெயரும் அமெரிக்க மேற்குப் பகுதியின் பெயரும் இடப்பட்டன. செயற்கை அலை மணலில் மோதும் கரையும் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் நீச்சற்குளம் காயலானது. சுங்கை வேயில் சுரங்கப் பள்ளம் காயலானது. அழிந்து கிடந்த நிலத்தை மக்கள் புழங்கும் இடமாக மாற்றியது பாராட்டத்தக்க பொறியியற்பணி என்பதில் ஐயமில்லை. நம் குடும்பங்களும் பள்ளி விடுமுறையில் அங்குச் சென்று மகிழ்கின்றன.

நம் வினா வேறு. உலகின் தொலைநிலங்களெல்லாம் பெயராகவும் வடிவமாகவும் வந்து சேர்ந்த அவ்விடத்தில், அப்பள்ளத்தைத் தோண்டியோரின் வாழ்வு எவ்வடிவில் நிற்கின்றது? இத்தகைய இடங்களின் அலங்காரத்துக்கு நைல் நதியும் ஆப்பிரிக்க நீர்நிலையும் கருப்பொருளாகின்றன. தட்டைச் சுழற்றி ஈயமணல் அரித்த சீனப் பெண்களும், சுற்றுவட்டாரத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தமிழ்ப் பெண்களும் அலங்காரத்துக்கு உரியவராகக் கருதப்படுவதில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் இதன் மற்றொரு வடிவத்தைக் காணலாம். தமிழர் பெருமளவில் உழைத்த இரயில்வேயின் பழைய வண்டி நிறுத்தத் திடலின்மீது கே.எல். சென்ட்ரல் எழுந்தது, 2001இல் அது திறக்கப்பட்டது. 2004 முதல் கோலாலம்பூர் ஹில்டன் விடுதி நிற்பதும் அவ்வளாகத்தில்தான்.

தென்னையின் மற்றொரு வரலாறு

திக்கி விடுதியில் தென்னை ஓய்வின் குறி. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்குத் தென்னை தரும் மதுவின் வரலாறு அவ்வாறு அமையவில்லை. பாளையைச் சீவிக் கலயம் கட்டி இறக்கிய கள், தோட்டப்புறத்தில் நிர்வாகத்தின் மேற்பார்வையில் இயங்கிய கள்ளுக்கடைகளில் விற்கப்பட்டது. கூலியாகக் கொடுத்த காசு கள்ளுக்கடை வழியே மீண்டது என்பது சீர்திருத்தவாதிகளின் குற்றச்சாட்டு.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தத்தில் இது வெளிப்படையான கோரிக்கையாயிற்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, துரைமாரைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் கட்டாயத்தை நீக்குதல் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது. இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவருமாகிய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். குடிப்பதற்கான உரிமையை அன்று தொழிலாளர் கேட்கவில்லை. கள்ளுக்கடையை மூடுவதே தம் தன்மானத்துக்கு உகந்தது எனக் கருதினர். ஓலைக் கூரையும் சிரட்டையும் ஒருவர்க்கு ஓய்வாகவும் மற்றொருவர்க்குக் கடனாகவும் பொருள்படும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஒரு மறுப்பும் விளக்கமும்

இத்தகைய விடுதி வெறும் விளையாட்டே, அதனை வரலாற்று நூலைப் போல் சோதிப்பது முறையன்று என ஒரு சாரார் கூறக்கூடும். இம்மறுப்பில் உண்மை உண்டு. ஃபுளோரிடாவில் 1956 முதல் புகழ்பெற்று விளங்கும் ‘மை-கை’ போன்ற விடுதிகள் போலினீசிய நடனத்துக்கு மேடையும் நடனமாடுவோர்க்குத் தொழிலும் தந்துள்ளமையை மறுத்தற்கில்லை. மேலும், சங்க அகப்பாடலும் ஒரு வகையில் மரபுவழிக் கற்பனையே. நெய்தல் பாடிய புலவர் அனைவரும் உப்பளத்தில் நின்றவரல்லர்.

எனினும், அம்மரபு எதனைத் தேர்ந்து வைத்துக்கொண்டது என்பதே இங்குக் கருதத்தக்கது. உப்பு வண்டியோடு ஊர் ஊராகச் செல்லும் உமணரும், மீன் உணக்கி அதனைக் கவரவரும் புள்ளோப்பும் பரதவ மகளிரும் அகப்பாடலின் காதலுக்குள்ளேயே வாழ்கின்றனர். தலைவியின் ஏக்கம் அவள் செய்யும் தொழிலினின்று பிரிக்கப்படவில்லை. கற்பனை செய்தது குறையன்று. கற்பனைக்குள்ளும் தொழிலுக்கு இடம் வைத்த மரபு நம்முடையது. அதனை ஓர் அழகியல் விதியாகவே தொல்காப்பியம் எண்ணியிருத்தல் வேண்டும். இன்றேல், தெய்வத்தோடும் யாழோடும் ஒரே நிரலில் செய்தியை வைத்திருக்கத் தேவையில்லை.

நம் சித்திரிப்புகளும் ஆசிரியர் பணியும்

அயலாரின் விடுதியைக் குறைகூறுவதோடு இவ்வாய்வு நின்றுவிடின் பயனில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பின், தோட்டப்புறம் நமக்கும் மெல்ல மெல்ல ஓர் அலங்காரமாகி வருகின்றது. பொங்கல் விழாவிலும் கலையிரவிலும் தென்னங்கீற்றுக் குடிசை எழுகின்றது. மண்பானை, மாட்டு வண்டி, முறம், பால்வாளி, வெட்டுக்கத்தி ஆகியன வரிசையாக வைக்கப்படுகின்றன. மாணவர் அதன்முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்கின்றனர். கருப்பொருள் அனைத்தும் உள்ளன. அவ்வாளியைச் சுமந்தவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மரம் வெட்டினார், மழை பெய்து வேலை நின்ற நாளில் அவ்வீட்டில் உலை எவ்வாறு கொதித்தது என்பவை அங்கு இல்லையெனில், நாம் எழுப்பியதும் ஒரு திக்கி விடுதியே. நம் பாட்டன் பாட்டியரை நாமே சுற்றுலாப் பயணியராகக் கண்டு திரும்புகிறோம்.

இலக்கியத் திறனாய்வுக்கும் இது பொருந்தும். தோட்டப்புறப் புனைகதைகளை மதிப்பிடும்போது ‘மண்மணம் கமழ்கின்றது’ என்னும் தொடரை நாம் அடிக்கடி கையாளுகிறோம். இலயம், கங்காணி, கிராணி, கோயில் திருவிழா, பால்கொட்டகை ஆகியன கதையில் வந்துவிட்டால் மண்மணம் வந்துவிட்டதாகக் கொள்கிறோம். இவையனைத்தும் கருப்பொருளின் பட்டியலே. கதைமாந்தரின் முடிவுகளைத் தொழில் எவ்வாறு தீர்மானிக்கின்றது என்பதைக் காட்டாத கதை, பட்டியல் எவ்வளவு நீண்டதாயினும் நிலத்தைக் காட்டியதாகாது. அ. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ அவசரகாலத்து மக்களின் வாழ்வை எடுத்துரைக்கையில் நம்மை ஈர்ப்பதற்குக் காரணம் ஆற்றங்கரை வருணனை மட்டுமன்று. இரு தரப்பு அச்சத்துக்கும் நடுவே மக்கள் அன்றாட வாழ்வை நடத்த வேண்டியிருந்த நிலை அதில் பதிவாகியிருப்பதே காரணமாகும்.

வகுப்பறையில் இதனை நடைமுறைப்படுத்துவது எளிது. காட்சிக்கு வைக்கப்படும் ஒவ்வொரு பொருளோடும் மூன்று வினாக்களை மாணவரிடம் எழுப்பலாம். இதனைச் செய்தவர் யார்? இதனைக் கொண்டு உழைத்தவர் யார்? அவ்வுழைப்புக்குக் கிடைத்தது என்ன? விடையை மாணவர் தம் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வருவாராயின், விழாக் குடிசைக்குள் செய்தி மீண்டும் நுழையும். திணைக் கோட்பாட்டைத் தேர்வுக்குரிய பட்டியலாக மனனம் செய்விக்கும் நாம், அதனைத் தம்மைச் சுற்றியுள்ள இடங்களை வாசிக்கும் கருவியாகவும் மாணவர் கையில் கொடுக்கலாம். வணிக வளாகத்தின் உணவகத்தில் அமர்ந்திருக்கும் மாணவர், எதிரே உள்ள அலங்காரத்தில் எட்டுக் கருப்பொருளுள் எது இல்லை என எண்ணிப் பார்ப்பாராயின், அதனினும் சிறந்த இலக்கணப் பயிற்சி இருத்தல் அரிது.

முடிவுரை

போலினீசியப் பாணி விடுதி கடற்கரை ஒன்றின் கருப்பொருளை மிகுதியாகத் திரட்டி, செய்தியையும் இரங்கலையும் நீக்கிய சித்திரிப்பு என்பதை இக்கட்டுரை விளக்க முற்பட்டது. அதன் கிண்ணத்துள் கரும்புத் தோட்டத் தொழிலாளரின் உழைப்பும், அதன் பானப் பட்டியலில் கோலாலம்பூர்த் தொழிலாளர் ஒருவரின் கைத்திறனும் கலந்திருப்பதையும் கண்டோம். சுங்கை வேயின் சுரங்கப் பள்ளமும், பிரிக்பீல்ட்ஸின் இரயில்வேத் திடலும், கிள்ளானின் கள்ளுக்கடையும் அதே வினாவை நம் வாயிலில் எழுப்புகின்றன. கண்டு களிக்க ஒரு நிலத்தைப் படைப்பதில் தவறில்லை. அந்நிலத்தில் உழைத்தோர் அதில் இடம்பெறுகின்றனரா என்பதே அதனை மதிப்பிடும் அளவுகோல். அவ்வளவுகோலை முதலில் நம் பள்ளி விழாக்களிலும் நம் புனைகதைத் திறனாய்விலும் வைத்துப் பார்ப்பது தமிழாசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உரிய கடமையாகும்.